ஐம்பத்தோராயிரத்து ஒன்று

எனக்குக் கோபம் கெதியாக வந்துவிடும். வெட்கம் வரத்தான் நாளாகும். இந்தக் கதையில் கோபம் வந்தது ஒரு பின்னேரத்தில். வெட்கம் வந்துசேர ஐந்து மாதம் எடுத்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு பெண்ணின் வேலை போனது. போக்கியவன் நான்.

கிளிநொச்சியில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பேருக்குத்தான் அதிகாரி. கூரைக்குள் வயர் இழுப்பதிலிருந்து பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பதுவரை எல்லாம் நான் ஒருவன்தான். எங்களுக்குப் பளையிலும் ஓமந்தையிலும் தர்மபுரத்திலும் மூன்று சிறிய நிலையங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஒரு கணினி, இரத்தம் எடுக்க ஒரு தாதி, பெயர் பதிய ஒரு பிள்ளை. இரத்தம் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்கு வரும். முடிவு இணையத்தால் திரும்பிப் போய் அங்கேயே அச்சாகும். ஒரு துண்டுத் தாளுக்காகச் சனம் இரண்டாம் முறை பஸ் ஏறத் தேவையில்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

தர்மபுரத்தில் பெயர் பதிந்த பெண்பிள்ளைக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தற்காலிக நியமனம். ஒரு வருடத்தைக் குறையில்லாமல் முடித்தால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லி எடுத்திருந்தார்கள். எட்டு மாதம் முடித்திருந்தார். தகப்பன் மற்றவர்களின் வயலில் கூலிக்குப் போகிறவர். வேலை இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. அந்த வீடு இந்த வேலையை நம்பித்தான் இருந்தது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப வழியில்லை.

அந்த வருடம் முகாமையாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நிலையங்களில் இருக்கிற பிள்ளைகள் வேலை நேரத்தில் படம் பார்க்கிறார்கள், அதனால்தான் இணையம் மாதம் முடிய முதலே தீர்ந்துபோகிறது என்று.

“எங்கட வேலையைத் தவிர மற்ற எல்லாத்தையும் பூட்டிவிடுங்கோ,” என்றார்.

“அதுவும் ஒரு வேலையோ சேர்? நாளைக்கே பூட்டித் தாறன்,” என்றேன்.

அதை எப்படிச் செய்வது என்று எனக்கு அரைவாசிதான் தெரியும். ஆனால் ‘தெரியாது’ என்ற சொல் என் வாயில் லேசில் வராது. பள்ளிக்கூடத்திலும் வரவில்லை, கலியாணம் கட்டிய பிறகும் வரவில்லை.

பூட்டு என்றால் இதுதான். ஒவ்வொரு நிலையத்திலும் ரவுட்டர் என்ற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. கணினியிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு செய்தியும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எதை விடலாம், எதை மறிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி அதற்குள் போட்டுவிட்டால், அது ஒவ்வொன்றாகப் பார்த்து விடும் அல்லது மறிக்கும். பார்ப்பதற்கு ஒவ்வொரு செய்தியிலும் இரண்டு எண்கள் இருக்கும். போர்ட் எண்கள் என்பார்கள். இடப்பக்கத்தில் இருப்பது செய்தி புறப்பட்ட போர்ட். வலப்பக்கத்தில் இருப்பது அது போய்ச்சேர வேண்டிய போர்ட்.

ஒரு காலை என் கணினியைப் போட்டு, எங்கள் பதிவு மென்பொருளைத் திறந்து, அது அனுப்புகிற செய்திகளை அரைமணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கத்தில் எப்போதும் 443. இடப்பக்கத்தில் 49,700, 49,701, 49,702 என்று ஏறிக்கொண்டே போனது. 443 என்பது எந்த இணையத்தளத்துக்குப் போனாலும் வருகிற பொது எண், அதில் விசேஷம் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். எங்கள் மென்பொருளுக்கென்று உள்ள அடையாளம் அந்த இடப்பக்கத்து எண்தான் என்று முடிவு கட்டினேன். மேலுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, 51,000 என்று எல்லை போட்டேன். செய்தி எங்கள் சேர்வருக்குப் போவதாக இருக்க வேண்டும், அதோடு இடப்பக்க எண் 51,000-க்குள் இருக்க வேண்டும், மிச்சமெல்லாம் மறி. முதற்பாதியே போதுமானது. இரண்டாம் பாதி என் கெட்டித்தனத்தைக் காட்டப் போட்டது.

மூன்று நிலையங்களிலும் அதே பட்டியலைப் போட்டேன். மூன்றிலும் வேலை செய்தது. படம் பார்க்க முடியவில்லை, பதிவு நடந்தது. முகாமையாளர் முதுகில் தட்டினார். நானும் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த கிழமை தர்மபுரத்திலிருந்து அழைப்பு வந்தது.

“சேர், காலமை நல்லா வேலை செய்யுது. மத்தியானத்துக்குப் பிறகு சும்மா சுத்திக்கொண்டே நிக்குது.”

“நிப்பாட்டிப் போட்டுப் பாரும்.”

நிற்பாட்டிப் போட்டதும் வேலை செய்தது. அடுத்த நாள் மறுபடி நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. நிற்கிறபோதெல்லாம் பாதியில் போன பதிவை முதலிலிருந்து அடிக்க வேண்டும். காய்ச்சலோடு வந்தவர்கள் வாங்குப் பலகையில் இருந்து முனகுவார்கள். முறைப்பாடு முகாமையாளருக்குப் போகும். அவர் என்னைப் பார்ப்பார்.

நான் பளைக்கும் ஓமந்தைக்கும் அழைத்துக் கேட்டேன். “உங்களிட்டை ஏதும் பிரச்சினை இருக்கோ?” இரண்டு இடத்திலும் ஒன்றும் இல்லை என்றார்கள். பளையிலும் ஓமந்தையிலும் பேசும்போது ‘நீங்கள்’ என்றும் தர்மபுரத்தில் பேசும்போது ‘நீர்’ என்றும் நான் சொல்லிவந்ததை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். மூவரும் ஒரே வயது, ஒரே வேலை.

ஒரே பட்டியல், ஒரே மென்பொருள், இரண்டு இடத்தில் பிழையில்லை, மூன்றாம் இடத்தில் மட்டும் பிழை. அப்படியென்றால் பிழை கதிரையில் இருக்கிற ஆளில்தானே? தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றேன். ஒரு பின்னேரம், வெயில் தலையைப் பிளக்க, பரந்தன் தாண்டி முல்லைத்தீவு வீதியால் தர்மபுரத்துக்கு மோட்டார் சைக்கிளை முறுக்கினேன். போய் இறங்கும்போதே நான் சூடாக இருந்தேன்.

உள்ளே இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கணினியை நிற்பாட்டினேன், போட்டேன். மென்பொருள் ஒரு தடங்கலும் இல்லாமல் திறந்தது.

“பாத்தீரோ? வேலை செய்யுது. நீர் என்னத்தைத் தட்டினனீர்?”

“ஒண்டும் தட்டேல்லை சேர். காலமையில இருந்து பெயர்தான் பதியிறன்.”

“அப்ப ஏன் பளையில நிக்கேல்லை? ஓமந்தையில நிக்கேல்லை?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார்: “சேர், நான் பாத்த மட்டில, ஆக்கள் கூடின நாளில கெதியா நிக்குது. குறைஞ்ச நாளில நிக்கிறேல்லை.”

அந்த ஒரு வசனத்தில் முழு விடையும் இருந்தது. நான் அதைக் காதில் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் வாங்கில் இருந்தவர்களின் பக்கம் திரும்பினேன். அவர்களுக்குக் கேட்கச் சொன்னேன்:

“கேட்டியளே? கொம்பியூட்டர் வாசல்ல நிண்டு ஆக்களை எண்ணுதாம்!”

சிலர் சிரித்தார்கள். சிரிப்பது லேசான வேலை. காய்ச்சலோடு காத்திருக்கிறவனுக்கும் ஒரு பிராக்கு வேண்டும். அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“நீர் எந்த இடம்?” என்று கேட்டேன்.

“தர்மபுரம் சேர்.”

“அது தெரியும். சொந்த இடம்?”

“இதான் சேர். இங்கதான் பொறந்தேன்.”

“அதுக்கு முதல்?”

அவர் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தாத்தா காலத்துல மலைநாட்டுல இருந்து வந்தாங்க.” அதுவரை எங்களைப்போலவே பேசிக்கொண்டிருந்தவருக்கு, பயத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

“ம்ம்,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எங்கள் பகுதியில், தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த அந்த மக்களைக் குத்திச் சொல்லவென்று ஒரு சொல் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காக வழியில் என்னை நானே மெச்சிக்கொண்டு வந்ததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த ‘ம்ம்’ வாங்கில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. ஒரு பெரிய மனிதர் தலையைக்கூட ஆட்டினார்.

என் அப்பாவின் தகப்பன், அப்பப்பாவும் வடக்கே உள்ள குடாநாட்டிலிருந்து வந்தவர்தான். குளத்துத் தண்ணீர் பாய்கிற காணி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, லொறியில் சாமானை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவர். அந்தப் பிள்ளையின் தாத்தாவைக் கலவர காலத்து உயிர்ப்பயம் கொண்டுவந்தது, என் அப்பப்பாவைக் காணி ஆசை கொண்டுவந்தது. அதற்கு முதல் எந்த இடம் என்று என்னிடம் இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கிளிநொச்சிக்குத் திரும்பிவந்து முகாமையாளருக்கு அறிக்கை எழுதினேன். மூன்று வரிகள். கோளாறு கணினியிலோ வலையமைப்பிலோ இல்லை. பாவிப்பவரின் கையாளுகையிலேயே உள்ளது. அனுபவமுள்ள வேறொருவரை நியமிப்பது நல்லது. கீழே கையெழுத்து வைத்தேன்.

மாத முடிவில் அவரை வேலையால் நிற்பாட்டினார்கள். நிலையக் கதவின் திறப்பைத் திருப்பிக் கொடுக்கக் கிளிநொச்சிக்கு வந்தவர், போகும்போது என் அறை வாசலில் நின்று, “போட்டு வாறன் சேர்,” என்றார். நான் திரையிலிருந்து தலையைத் தூக்காமல் “ஓம், ஓம்,” என்றேன்.

அவருடைய இடத்துக்கு வந்த பெண் நிலையத்துக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். பன்னிரண்டரைக்குக் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போவார். இரண்டு மணிக்கு வந்து திறப்பார். போகும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் போவார். இது எங்கள் பக்கத்துப் பழக்கம். கரண்ட் கூடிக் குறைந்தும் மின்னல் அடித்தும் எத்தனையோ சாமான் எரிந்துபோன இடம். ஆள் வெளியே போனால் மெயின் சுவிட்ச் இறங்கும். பளையிலும் ஓமந்தையிலும் அப்படித்தான் நடந்துவந்தது. முதல் இருந்த பிள்ளை மட்டும் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து, கதவைப் பூட்டாமல், ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மற்றக் கையால் பதிந்தவர். மத்தியான பஸ்ஸில் தூரத்திலிருந்து வருகிற ஆட்கள் வெளியே நிற்க வேண்டி வரும் என்பதற்காக.

புதிய பெண் வந்தபிறகு கணினி ஒருநாளும் நிற்கவில்லை.

“பாத்தியளோ சேர்?” என்று முகாமையாளரிடம் கேட்டேன். “நான் அப்பவே சொன்னனான்.”

“உங்கட கண் கண்தான்,” என்றார் அவர்.

பிறகு மாரி வந்தது, மழையோடு காய்ச்சலும் வந்தது. சனம் நிலையங்களில் நிரம்பி வழிந்தது. மத்தியானத்தில் பூட்டக் கூடாது என்று முகாமையாளர் கட்டளை போட்டார். மூன்றாம் நாள் தர்மபுரத்தில் கணினி நின்றது. அன்று பின்னேரமே பளையிலும் நின்றது.

முதலில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? கோபம்தான். இந்தப் பிள்ளையும் சரியில்லை என்று புறுபுறுத்துக்கொண்டுதான் போனேன். அடுத்த நாள் காலையிலேயே தர்மபுரம் போய், அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டு, “இண்டைக்கு நானே பதியிறன், நீங்கள் பாத்துக்கொண்டிருங்கோ,” என்று கதிரையில் இருந்தேன். பிழையில்லாமல் எப்படி வேலை செய்வது என்று காட்டிக்கொடுக்கத்தான். வாசலில் கொடுத்த எண் துண்டின்படி ஒவ்வொருவராக வந்தார்கள். பத்து, இருபது, நாற்பது. ஐம்பது கடந்து கொஞ்ச நேரத்தில் திரை சுற்றத் தொடங்கியது. கதிரையில் நான் இருந்தேன். திட்ட ஆள் இல்லை.

ரவுட்டரைத் திறந்து, அது விட்ட செய்திகளும் மறித்த செய்திகளும் பதிந்திருக்கிற பட்டியலைப் பார்த்தேன். ஐந்து மாதமாகப் பார்க்காமல் விட்ட பட்டியல் அது. கடைசியாக விட்ட செய்தியின் இடப்பக்க எண் 51,000. முதலில் மறித்த செய்தியின் இடப்பக்க எண் 51,001. வலப்பக்கத்தில் இரண்டுக்கும் 443. இரண்டும் ஒரே கணினியிலிருந்து ஒரே சேர்வருக்குப் போன, ஒரே ஆளின் பதிவு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இடப்பக்கத்து எண் மென்பொருளின் அடையாளமே இல்லை. கணினி ஒவ்வொரு முறை பேச வாயெடுக்கும்போதும் அடுத்த எண்ணைக் கிழித்துக் கொடுக்கிறது; பேச்சு முடிந்ததும் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. நிற்பாட்டிப் போட்டால் மறுபடி கீழேயிருந்து தொடங்குகிறது. மத்தியானத்தில் மெயின் சுவிட்சை இறக்குகிற இடத்தில் எண் 51,000-ஐ எட்டுவதில்லை. மத்தியானத்திலும் மூடாமல் பதிந்துகொண்டே இருந்த இடத்தில் மட்டும் எட்டியது. ஆக்கள் கூடின நாளில் கெதியாக எட்டியது. என் பூட்டு மறித்தது படம் பார்த்தவளை அல்ல, ஓய்வில்லாமல் வேலை செய்தவளை.

இடப்பக்கத்தில் எல்லையை அழித்து ‘எதுவும்’ என்று போட்டேன். வலப்பக்கத்தில் 443 என்று எழுதினேன். நாலு நிமிட வேலை. திரை திறந்தது.

“என்ன பிழை சேர்?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“சின்ன அப்டேட் ஒண்டு,” என்றேன்.

முகாமையாளரிடமும் அதையேதான் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இரண்டு கிழமை திரிந்தேன். வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். ஒரு காலை பரந்தன் சந்தியில், உடுப்புத் தைக்கிற காமன்ட்ஸ் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றுகிற பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். கையில் சோற்றுப் பெட்டி. வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. அவர் என்னைப் பார்த்தாரோ இல்லையோ தெரியாது. நான் ஹெல்மெட்டின் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு கடந்து போனேன். செய்ததிலெல்லாம் எனக்கு மிகவும் வெட்கமான செயல் எதுவென்று கேட்டால், அறிக்கையைச் சொல்ல மாட்டேன். அந்தக் கண்ணாடியை இறக்கியதைத்தான் சொல்வேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். நல்ல மனதோடு போனேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. மன்னிப்புக் கேட்டால் “பரவாயில்லை சேர்” என்பார். அதன்பிறகு முகாமையாளருக்குச் சொல்லத் தேவையில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

வாய்க்கால் கரையோரம் சின்ன வீடு. தாய் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டார். கதிரையைத் துடைத்துப் போட்டார்.

“ஒக்காருங்க சேர். வேலைக்குக் கூப்பிடவா வந்தீங்க?”

நான் கதிரையின் நுனியில் இருந்தேன். பிள்ளைதான், “அம்மா, தேத்தண்ணி போடுங்க,” என்று தாயைக் குசினிக்கு அனுப்பினார். பிறகு எதிரில் நின்றுகொண்டு, “சொல்லுங்க சேர்,” என்றார்.

சொன்னேன். அவருக்கு விளங்க வேண்டுமே என்று, நிலையத்தில் அவரே கொடுத்துவந்த துண்டை வைத்துச் சொன்னேன். “வாசல்ல நீங்கள் ஆக்களுக்குத் துண்டு குடுப்பியளெல்லே, ஒண்டு, ரெண்டு எண்டு? இடப்பக்கத்து எண் அந்தத் துண்டு மாதிரி. வலப்பக்கத்து எண், ஆள் எந்த மேசைக்குப் போகோணும் எண்டது. நான் மேசையைப் பாக்காமல் துண்டைப் பாத்துப் போட்டன். ஐம்பதாம் துண்டு வரைக்கும் விடு, மிச்ச ஆக்களை மறி எண்டு எழுதிப்போட்டன்.”

அன்றுதான் முதன்முதலாக அவரை ‘நீங்கள்’ என்றேன்.

“அப்ப, ஐம்பத்தோராவதா வந்தவங்களத் திருப்பி அனுப்பிட்டீங்க,” என்றார்.

“ஓம்.”

“ஆக்கள் கூடினா நிக்குதுன்னு நான் சொன்னேனே சேர்.”

“ஓம். சொன்னனீங்கள்.”

நான் மேலும் விளக்கத் தொடங்கினேன். தொழில் தெரிந்தவன்போலக் காட்டாமல் எனக்கு இருக்க ஏலாது. “அந்த இடப்பக்க எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அது அந்த நேரத்துக்கு விழுந்த எண். எங்கயிருந்து வெளிக்கிட்டது எண்டதை வைச்சு ஒண்டையும் மறிக்கக் கூடாது. எங்க போகுது, என்ன வேலைக்குப் போகுது, அதைத்தான் பாக்கோணும். இது படிக்கிற பிள்ளையளுக்கும் தெரிஞ்ச விஷயம். எனக்குத்தான் தெரியேல்லை.”

அவர் என்னை நேரே பார்த்தார். பயத்தில் வந்த பேச்சு இல்லை இது. தன் வீட்டில் நின்று, தன் வீட்டுப் பேச்சில், சத்தம் உயர்த்தாமல் சொன்னார்:

“அதத்தான் சேர் அன்னிக்கு எங்கிட்ட மூணு தரம் கேட்டீங்க.”

தேத்தண்ணி வந்தது. குடித்தேன் என்று நினைக்கிறேன். தாய் ஏதோ மழையைப்பற்றிக் கேட்டார், பதில் சொன்னேன். படலைவரை அந்தப் பிள்ளை கூட வந்தார். நான், “என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றேன். ‘பரவாயில்லை’ என்று அவர் சொல்லவில்லை.

“இங்க சொல்லி என்ன சேர்? எங்க வீட்டுக்குத் தெரியும், நான் தப்பு செய்யலன்னு. அங்க சொல்லுங்க. அங்கதான சொன்னீங்க,” என்றார்.

திங்கட்கிழமை முகாமையாளரிடம் போனேன். முழுவதையும் எழுதிக் கொண்டுபோனேன். இம்முறை மூன்று வரிக்குள் அடங்கவில்லை. அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“முடிஞ்ச கதையை ஏன் கிளறுறியள்? இப்ப இருக்கிற பிள்ளையை நிப்பாட்டச் சொல்லுறியளோ?”

“இல்லை சேர். அந்தப் பிள்ளையில பிழையில்லை எண்டு பைலில இருக்கோணும். முந்தி எழுதினதைக் கிழிச்சுப் போடுங்கோ.”

“பைலில போனதைக் கிழிக்கேலாது. இதையும் அதுக்குப் பின்னால வைப்பம். வேற இடம் வந்தால் பாப்பம்.”

என்னை ஒன்றும் செய்யவில்லை. சம்பளத்தில் ஒரு சதம் குறையவில்லை. ஒரு கிழமை முகத்தைப் பாராமல் இருந்தார், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை தர்மபுரம் போனேன். வாங்குகள் நிறைந்திருந்தன. நான் அறையின் நடுவில் நின்று, “ஒருக்கால் கேளுங்கோ,” என்றேன். முந்தி இங்கே பெயர் பதிந்த பிள்ளை கணினியைப் பழுதாக்கினார் என்று நான் எல்லோருக்கும் முன்னால் சொன்னதையும், பிழை என்னுடையது என்பதையும், அவர் சொன்னதே சரி என்பதையும், சொந்த இடம் கேட்டு அவரை அவமதித்ததையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சொல்லிக்கொண்டே முகங்களைத் தேடினேன். அன்று சிரித்தவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. தலையை ஆட்டிய பெரிய மனிதரும் இல்லை. இவர்கள் வேறு ஆட்கள், அந்தப் பிள்ளையைக் காணாதவர்கள், நான் எதற்காக நின்று கதைக்கிறேன் என்று விளங்காதவர்கள். ஒருவர் தன் துண்டைத் தூக்கிக் காட்டி, தன்னுடைய முடிவு எப்போது வரும் என்று கேட்டார். பின்னேரம் வரும் என்றேன்.

நான் வெளிக்கிடத் திரும்பியபோது, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு தாய் மட்டும் கேட்டார்:

“அண்ணை, அந்தப் பிள்ளை இப்ப எங்க?”

“காமன்ட்ஸில,” என்றேன். “விடிய முதல் பஸ் ஏறிப் போறா.”